இறக்கியவன் கையில் கயிறு

குளியலறைத் தரையிலிருந்த சல்லடை மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. சும்மா வரவில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் தின்றது, கழித்தது, கழுவி ஊற்றியது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று ஃபோன் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"என்னங்க! ஓடி வாங்க! இன்னும் கொஞ்சம் விட்டா ஹாலுக்கே வந்துரும்!"

புதுத்துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வாசற்படியில் அணை கட்டிக்கொண்டிருந்தாள் வீட்டுக்காரி. அவள் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கலாம் போல மின்னும் கறுப்பு ஷூ. ஊரே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். ராணுவத்தில் சுரங்கம் தோண்டுகிற, பாலம் கட்டுகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இந்த வார்டு கவுன்சிலர்.

"ஒரு வீட்டை ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா உனக்கு?" என்றார்.

தெருவுக்கு அடியில் குழாய் அடைத்துக்கொண்டதற்கும் அவள்தான் பொறுப்பு. அந்த வீட்டில் மழை பெய்தாலும் அவள்தான் பொறுப்பு. அவள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறதா, டம்ளர்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று காலையில் அவர் சோதனை போடும்போது பதில் சொல்லாமல் நின்று பழகியவள்.

பட்டாளத்தார் நகராட்சிக்கு ஃபோன் போட்டார். கழிவு உறிஞ்சும் லாரி ஆஸ்பத்திரிப் பக்கம் வேலையில் இருந்தது. மத்தியானம் கட்டாயம் வந்துவிடும் என்றார்கள்.

"மத்தியானம் வந்துரும்ல? அப்புறம் என்னப்பா?" என்றாள் மகள். "பாத்ரூம் கதவைச் சாத்தி வைப்போம். அவங்க என்ன குளிக்கவா வர்றாங்க?"

"நாத்தம் அடிக்குதே, அதுக்கு?"

"அடைச்சிருக்கு, லாரி வருதுன்னு சொல்லுங்க. அவங்க வீட்டுல மட்டும் குழாய்ல பன்னீரா ஓடுது?"

"வாயை மூடுடி," என்றாள் தாய். "பொண்ணு கேட்டு வர்றவங்களை மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார வைக்கச் சொல்றியா?"

வருகிறவர் சாதாரண ஆள் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பெரிய கான்ட்ராக்டர். கட்சியில் யாருக்கு சீட், யாருக்கு இல்லை என்பது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் முடிவாகும் என்று சொல்வார்கள். பட்டாளத்தார் அடுத்த தேர்தலில் வார்டைத் தாண்டிப் பெரிய சபைக்குப் போக நினைத்தார். மகளைக் கொடுப்பதும் சீட்டை வாங்குவதும் வேறு வேறு விஷயம் என்று அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வேறு விஷயமாக இருந்திருந்தால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

அவர் இன்னொரு எண்ணுக்கு ஃபோன் போட்டார்.

"டேய் நெட்டை, எங்க இருக்க? வீட்டுக்கு வா. ஆமாடா, அவங்க வர்றாங்க. உடனே வா."

"சித்தப்பாவை எதுக்குப்பா கூப்பிடுறீங்க?" என்றாள் மகள்.

"மேலேருந்து குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பான். அவ்வளவுதான்."

"சித்தப்பா சித்தப்பான்னு அவங்க முன்னாடி கூப்பிட்டுத் தொலைக்காதே," என்றாள் தாய். "அதெல்லாம் மேடைக்கு."

நெட்டையும் பட்டாளத்தாரும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். ஒரே பிரிவு. பட்டாளத்தார் படிப்படியாக மேலே போய் அணித்தலைவரானார். நெட்டை கடைசிவரை சிப்பாயாகவே இருந்தான். எல்லையில் ஒரு பாழுங்கிணற்றில் புதைத்து வைத்திருந்த வெடிகளை எடுக்கப் பட்டாளத்தார் இறங்கியபோது பக்கச் சுவர் சரிந்தது. கீழேயிருந்து கயிறு இரண்டு முறை இழுபட்டது. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. மேலே நின்ற நெட்டை தனியாளாக இழுத்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. மற்றவர்கள் ஓடிவரும் வரை விடவில்லை. இறக்கியவன் கையில் கயிறு இருக்க வேண்டும், எதிலும் கட்டிவிட்டுப் போகக் கூடாது என்பது அந்தப் பிரிவின் முதல் பாடம்.

இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஊர் திரும்பினார்கள். பட்டாளத்தாரை ஒரு வங்கி காவல் மேற்பார்வையாளராக மரியாதையோடு எடுத்துக்கொண்டது. நெட்டை அதே வங்கிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பஸ் டெப்போவுக்கு எல்லாம் போய்ப் பார்த்தான். எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னான். அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் நகராட்சி அவன் அப்பா பார்த்த வேலையை அவனுக்குக் கொடுத்தது. சாக்கடைக் குழி. நாட்டுக்காகச் சுரங்கத்தில் இறங்கியவன்தானே, இது என்ன புதுசா என்று வேலை உத்தரவைக் கொடுத்த அதிகாரி சிரித்ததை நெட்டை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

தேர்தல் வந்தபோதுதான் பட்டாளத்தாருக்கு அவன் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் நெட்டைக்கு மேடையில் ஒரு நாற்காலி. கிணற்றுக் கதை முடியும் இடத்தில் பட்டாளத்தார் திரும்புவார். "கையைக் காட்டுடா!" என்பார். நெட்டை எழுந்து நின்று, குறுக்கே தழும்போடிய இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டத்துக்குக் காட்டுவான். விளக்கை அவன் கை மேல் திருப்புவார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "இவன் என் தம்பி! ஒரே தட்டுல சாப்பிட்டோம்! என் பொண்ணு கல்யாணப் பேச்சுக்கு முதல் ஆளா இவன்தான் என் வீட்டுக்கு வருவான்! நான் இறங்காத குழியில இந்த வார்டுல ஒருத்தனும் இறங்க மாட்டான்!" கைதட்டல் வானத்தைப் பிளக்கும்.

தேர்தல் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவள் மகள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். 'இறக்கியவன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும்' என்று அவள் எழுதிய வரியைப் பட்டாளத்தார் தன் வீட்டுச் சுற்றுச்சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுத வைத்தார். அவள் அதை நம்பித்தான் எழுதினாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாளத்தார் கவுன்சிலரான பிறகு லஞ்சம் வாங்கியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து தெருத் தெருவாகப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். நேரம் தவற மாட்டார். இதையெல்லாம் ஊர் சொல்லிச் சொல்லி, தான் ஒரு நல்லவன் என்று அவரே முழுசாக நம்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் தன்னைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. படுக்கை விரிப்பைத்தான் சோதித்துப் பார்த்தார்.

நெட்டை வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

முன்வாசலுக்குத்தான் வந்தான். பட்டாளத்தார் ஜன்னலிலிருந்து கை காட்டினார், பக்கவாட்டுச் சந்துக்கு வரச் சொல்லி. சந்தில் வீட்டின் பக்கக் கேட்டுக்கு எதிரே குழியின் இரும்பு மூடி இருந்தது. அதன் மேல் ஏற்கெனவே கடப்பாரையும் வடக்கயிறும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. நெட்டை அவற்றைப் பார்த்தான். தன் கையிலிருந்த பையைப் பார்த்தான். பையைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினான். ராணுவத்தில் மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் வைத்துச் சதுரமாக மடித்து, பையின் பக்கத்தில் வைத்தான்.

இரண்டு பேரும் மூடியை நெம்பித் திறந்து, மேலேயிருந்து குச்சி விட்டுக் குத்தினார்கள். அசையவில்லை.

"உள்ளே வளைவுல அடைச்சிருக்கு சார்," என்றான். "லாரி வந்தாத்தான் ஆகும்."

"இறங்கிக் கையை விட்டா ஒரு நிமிஷ வேலை."

"சார்... மெஷின்தான், ஆள் கிடையாதுன்னு நீங்கதானே..."

"அது பொதுவுக்குச் சொன்னதுடா. இது நம்ம வீடு."

"மூடியைத் திறந்து போட்டுக் கொஞ்ச நேரம் விடணும் சார். கேஸ் போகணும்."

"அவ்வளவு நேரம் எங்கடா இருக்கு? வந்துட்டே இருக்காங்க."

மகள் சந்துக்கு வந்துவிட்டாள். "வேணாம் சித்தப்பா, இறங்காதீங்க. அப்பா, நீங்க எழுதி வச்சிருக்கிறதைத் திரும்பிப் பாருங்க, உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு."

பட்டாளத்தார் திரும்பவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். மேடையிலும் இல்லாத, வீட்டிலும் இல்லாத ஒரு குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது. "சிப்பாய்! இறங்கு!"

நெட்டையின் குதிகால்கள் தாமாக ஒன்றோடொன்று சேர்ந்தன. அவன் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை வருஷம் அவனைப் பழக்கியிருந்தார்கள். மரியாதையான வேலை கிடைக்காத உடம்பில் அந்தப் பழக்கம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"விடு பாப்பா," என்றான் அவளிடம், ஆறுதல் சொல்வதுபோல. "சார் கயிறு பிடிச்சா எனக்குப் பயமே கிடையாது. அவரை நான் பிடிச்சேன், என்னை அவர் பிடிப்பாரு. நீ போய் நல்ல பிள்ளையா ரெடியாகு."

பட்டாளத்தார் அவன் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவர் மட்டுமே போடும் முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. நெட்டை இறங்கினான். அவன் தலை மறைந்தது. கயிறு ஒரு முறை இழுபட்டது. நன்றாக இருக்கிறேன்.

"பார்த்தியா? போ உள்ளே," என்றார் மகளிடம். தாய் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், தலை வாரிவிட.

முன்வாசலில் கார் ஹார்ன் கேட்டது.

பட்டாளத்தார் கையில் கயிறு இருந்தது. சம்பந்தியாகப் போகிறவர், சீட் வாங்கித் தரப்போகிறவர், சாக்கடைச் சந்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கவுன்சிலரையா முதலில் பார்க்க வேண்டும்? அவர் கயிற்றைப் பக்கக் கேட்டின் கம்பியில் கட்டினார். கைக்குப் பழகிய அதே முடிச்சு. அழகாக விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

ஹாலில் ஊதுவத்திப் புகை ஒரு ஆளையே மறைக்கும் அளவுக்கு இருந்தது. கான்ட்ராக்டர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கைக்குட்டையை மூக்குக்கும் மடிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு பளிச்சுன்னு இருக்கு," என்றார் கான்ட்ராக்டர். "பட்டாளத்து வீடுன்னா சும்மாவா? இப்போ அரசியலுக்கு வர்றவன்கிட்ட என்ன இருக்கு? ஒழுக்கம் இருக்கா, கட்டுப்பாடு இருக்கா, சொன்ன சொல்லுக்கு நிக்கிற தைரியம் இருக்கா? உங்களை மாதிரி ஆளுங்கதான் மேலே வரணும். நான் பேசிட்டேன் மேலிடத்துல."

"எல்லாம் ராணுவம் கத்துக் குடுத்தது," என்றார் பட்டாளத்தார். அடக்கமாகச் சொல்லவும் ராணுவம்தான் கற்றுக் கொடுத்திருக்கும்.

"அந்தக் கிணத்துக் கதையைச் சொல்லுங்க. இவ கேட்டதில்லை. நான் கேட்டப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

மகள் தேநீர்த் தட்டோடு வந்து ஜன்னலோரம் நின்றாள். அப்பா இங்கே இருந்தால் கயிறு யார் கையில்? வேலை முடிந்திருக்கும், சித்தப்பா மேலே வந்திருப்பார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள்.

பட்டாளத்தார் ஆரம்பித்தார். இருட்டு, கிணறு, சரிந்த சுவர், வாயில் மண். ஒவ்வொரு வார்த்தையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குரல் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. "மூச்சு முட்டுது. உயிர் போகப்போகுதுன்னு தெரியுது. அப்போ கயித்தை ரெண்டு இழுப்பு இழுத்தேன். ஒண்ணு..."

சந்துப் பக்கம் கேட் தடாரென்று அதிர்ந்தது.

"ரெண்டு..."

மறுபடியும் அதிர்ந்தது. தாழ்ப்பாள் கம்பியில் மோதும் ஓசை ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"யாரோ கேட்டைத் தட்டுறாங்க போலிருக்கே," என்றாள் கான்ட்ராக்டர் மனைவி.

பட்டாளத்தாரின் வாய் திறந்தபடி நின்றது. அந்த ஓசை என்னவென்று அந்த ஹாலில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரு கண் சந்து ஜன்னலுக்குப் போனது. இன்னொரு கண் சோபாவுக்குப் போனது. சோபாவில் நின்றது.

"காத்து," என்றார்.

தட்டு கீழே விழுந்து கோப்பைகள் உடைந்த சத்தம் அப்புறம்தான் கேட்டது. மகள் அதற்குள் சமையலறை வழியாகச் சந்துக்கு ஓடியிருந்தாள்.

கேட்டிலிருந்து குழிக்குள் கயிறு விறைத்து நின்றது. குழிக்கு அருகே ஒரு மனிதரும் இல்லை. அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அம்மா என்று கத்தினாள். வேறு எந்தப் பேரையும் அந்த நேரத்தில் அவளுக்குக் கூப்பிடத் தோன்றவில்லை.

தாய் வந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். புதுத்துணியோடு சாக்கடைச் சேற்றில் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். சந்து முனையில் நிழலில் காரை நிறுத்தியிருந்த கான்ட்ராக்டரின் டிரைவர் ஓடிவந்தான். "இழுங்கக்கா! விடாதீங்க! நான் சொல்றப்போ சேர்ந்து இழுங்க!" என்றான். மூன்று பேரும் இழுத்தார்கள்.

பட்டாளத்தார் சமையலறைப் படியில் வந்து நின்றார். விருந்தாளிகள் அவர் பின்னால், மூக்கைப் பொத்திக்கொண்டு. "தோள் பக்கமா இழு! மெதுவா! தலை இடிக்கும்!" என்று படியில் நின்றபடியே உத்தரவு போட்டார். உத்தரவெல்லாம் சரியான உத்தரவுதான். ஷூ மட்டும் படியை விட்டு இறங்கவில்லை.

நெட்டை வெளியே வந்தான். மனிதன் என்று சொல்ல முடியாத கறுப்பாக வந்தான். கண்கள் மேலே செருகியிருந்தன. டிரைவர் அவனைக் கவிழ்த்து முதுகில் தட்டினான். வாயிலிருந்து அந்த வீட்டுக் கழிவு வழிந்தது.

"காருல ஏத்துங்க!" என்றாள் மகள்.

"எந்தக் காருல?" என்றார் கான்ட்ராக்டர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"அது அவங்க வண்டிம்மா," என்றார் பட்டாளத்தார் தாழ்ந்த குரலில். "நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக வந்த ஒரு லோடு ஆட்டோவை மகள் நடுத்தெருவில் நின்று மறித்தாள். டிரைவர் நெட்டையின் அக்குளைச் சுற்றியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட, அவனைத் தூக்கிப் போட்டார்கள். அவளும் ஏறினாள். ஏறும்போது சுவர் மேலிருந்த சட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆட்டோ கிளம்பியபோது பின்னால் கான்ட்ராக்டர் மனைவியின் குரல் கேட்டது, டிரைவரிடம்: "அப்படியே வந்து ஸ்டியரிங்கைத் தொடாதே. முதல்ல சோப்பு போட்டுக் கழுவு."

மத்தியானம் லாரி வந்தது. சொன்னபடியே வந்தது. குழாயைக் குழிக்குள் விட்டு மோட்டாரைப் போட்டார்கள். வீட்டுக்காரி குளியலறையைக் கழுவி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானாப்பா?" என்றாள் அவள்.

"அவ்வளவுதான்கா. இதுக்குப் போய் யாராவது ஆளை இறக்குவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே குழாயைச் சுருட்டிய லாரிக்காரன், கேட்டிலிருந்து குழிக்குத் தொங்கிய கயிற்றைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அப்போது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கணவர் ஃபோன் செய்தார். விருந்தாளிகளை நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தார். "உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். கண்ணு முழிச்சுட்டானாம். நீ முதல்ல அந்தக் கேட்டுல இருக்கிற கயித்தை அறுத்துத் தூக்கிப் போடு. எவனாவது போட்டோ எடுத்துத் தொலைப்பான்."

வீட்டுக்காரி கேட்டுக்குப் போனாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்து இறுகி, கல்லாட்டம் இருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் பெரிய எழுத்தில் மகள் எழுதிய வரி.

"நீங்க கட்டின முடிச்சுங்க," என்றாள். "எனக்கு அவிழ்க்கத் தெரியாது. அறுக்கவும் மாட்டேன்."

"என்னடி சொன்னே?"

அவள் ஃபோனை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் நெட்டையின் மனைவி கட்டில் காலடியில் நின்றிருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். மகள் அவளிடம் சட்டையையும் பையையும் நீட்டினாள்.

"இதை ஏன் பாப்பா இங்க எடுத்துட்டு வந்தே?" என்றாள் அவள் பையைப் பார்த்து. "உங்க வீட்டுக்குத்தானே வாங்கினாரு. ஃபோன் வந்ததும் ஒரே குதி. 'பேச்சு முடிக்க முதல் ஆளா என்னைத்தான் கூப்பிட்டிருக்காருடி, மேடையில சொன்னதை மறக்கலை பாரு'ன்னாரு. இந்தச் சட்டையை நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன். நேத்து மழையில காயாம இருந்துச்சு, தேய்ச்சே காய வச்சேன்."

மகளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "சித்தி," என்றாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பட்டாளத்தார் உள்ளே வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் கட்சிக்காரர்கள். ஒருவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே நுழைந்தான். பட்டாளத்தார் நேராகக் கட்டிலுக்குப் போய் நெட்டையின் தலையைத் தடவினார். அந்தத் தடவலில் பாசமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அருவருப்பு.

நெட்டைக்குப் பேச்சு கரகரவென்று வந்தது. "சார்... ரெண்டு இழுப்பு இழுத்தேன் சார்."

"தெரியும்டா."

"நீங்கதானே சார் தூக்கினீங்க?"

"பின்ன? உன்னை விட்டுருவேனாடா? இறக்கினவன் கையில கயிறு இருக்கும்டா. அன்னைக்கு நீ, இன்னைக்கு நான்."

கட்சிக்காரர்களில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். ஃபோன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. நெட்டையின் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. ஊசி குத்தியிருந்த வலது கையைக் கஷ்டப்பட்டு நெற்றிக்கு உயர்த்தினான். சல்யூட்.

"சித்தப்பா," என்றாள் மகள்.

அவள் கட்டிலருகே வந்து, படுக்கையில் மல்லாந்து கிடந்த அவன் இடது கைக்குப் பக்கத்தில் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். உள்ளங்கைகளின் குறுக்கே தோல் உரிந்து, ஈரச் சிவப்பாக ஒரு கோடு. அவன் கையில் பழைய தழும்பு ஓடிய அதே இடத்தில் ஓடியது. நெட்டை அதைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்க அம்மா கையிலயும் இருக்கும்," என்றாள் அவள். "ஒரு டிரைவர் அண்ணன் கையிலயும் இருக்கும். நீங்க இழுத்தப்போ கயித்தைப் பிடிச்சிட்டிருந்தது எங்க வீட்டு இரும்புக் கேட்டு, சித்தப்பா."

ஃபோன் பிடித்திருந்தவன் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே பிடித்திருந்தான்.

மகள் திரும்பினாள். மேடையில் எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைகளைக் குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

"கையைக் காட்டுங்கப்பா."

பட்டாளத்தார் நெஞ்சை நிமிர்த்தி, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அணிவகுப்பில் ஓய்வு நிலையில் நிற்பதுபோல் ஒழுங்காக, கொஞ்சமும் கோணாமல் நின்றார்.

நெட்டை நெற்றியிலிருந்து கையை இறக்கினான்.